காரியம் முடிஞ்சாச்சு, அப்பாவோட வங்கிப் பணத்தை எடுப்பது எப்படி? குடும்பங்கள் தவறவிடும் 5 விஷயங்கள்

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் 16ஆம் நாள் காரியம் முடித்து வீடு திரும்பும் குடும்பத்துக்கு இன்னொரு கெடு காத்திருக்கிறது. இறப்பைப் பதிவு செய்யச் சட்டம் தரும் அவகாசம் 21 நாள். அதாவது, மிச்சம் 5 நாள்தான்.

1. இறப்புச் சான்றிதழ்

மருத்துவமனையில் இறந்தால் நிர்வாகமே பதிவாளருக்குத் தகவல் தரும். வீட்டில் இறந்தால் குடும்பத்தினர்தான் சொல்லணும். திருச்சி நகரம், ஸ்ரீரங்கம் இரண்டுக்கும் மாநகராட்சியில் பதிவு செய்ய வேண்டும். 21 நாள் தாண்டினால் தாமதக் கட்டணம். ஓராண்டு தாண்டினால் நடுவரின் உத்தரவு தேவை.

2. வாரிசுச் சான்றிதழ்

இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால், விசாரணைக்குப் பின் தாசில்தார் வழங்குவார். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, இறந்த ஆணின் மனைவி, பிள்ளைகளோடு அவருடைய அம்மாவும் முதல் நிலை வாரிசு. பாட்டி பெயரையோ, கல்யாணமான மகள் பெயரையோ விட்டுடாதீங்க. பின்னால் சிக்கல் வரும்.

3. ஏடிஎம் கார்டு வேண்டாம்

பின் நம்பர் தெரியும் என்பதற்காக இறந்தவரின் கார்டில் பணம் எடுக்கக் கூடாது. மற்ற வாரிசுகள் புகார் கொடுத்தால் வழக்கு வரை போகலாம். வங்கியில் முறைப்படி உரிமை கோருவதுதான் வழி.

4. நாமினிக்கே பணம் சொந்தமா?

இல்லை. வங்கியிலிருந்து பணத்தை வாங்கும் பொறுப்புதான் நாமினிக்கு. அதில் வாரிசுகளின் உரிமை அப்படியே இருக்கும். நாமினி இல்லாவிட்டாலும் பயப்பட வேண்டாம். உயிலோ தகராறோ இல்லையென்றால், ரூ.15 லட்சம் வரை நீதிமன்றம் போகாமலே பெறலாம். கூட்டுறவு வங்கிகளில் இது ரூ.5 லட்சம். ஆவணங்கள் சரியாக இருந்தால் 15 நாளில் தீர்க்க வேண்டும், வங்கியால் தாமதமானால் வட்டியோடு தரணும் என்று 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. இதை அமல்படுத்த வங்கிகளுக்குத் தரப்பட்ட கெடு 2026 மார்ச் 31.

5. பாஸ்புக்கைப் புரட்டுங்க

ஆண்டுக்கு ஒருமுறை ரூ.436 பிடித்திருக்கா? அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு. குடும்பத்துக்கு ரூ.2 லட்சம் கிடைக்கும். ரூ.20 பிடித்திருந்தால் விபத்துக் காப்பீடு. விபத்தில் இறந்திருந்தால் அதிலும் ரூ.2 லட்சம். மறந்துபோன பழைய கணக்குகளை ரிசர்வ் வங்கியின் 'உத்கம்' தளத்தில் தேடலாம்.

இன்னைக்கே செய்ய வேண்டியது ஒன்று இருக்கு. 2025 நவம்பர் 1 முதல் ஒரு வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி வைக்கலாம். உங்க பாஸ்புக்கில் யார் பெயர் இருக்குன்னு பார்த்துட்டீங்களா?