7-0 அடிச்சா பெரிய டீமா?

மழை முடிஞ்சு கிரவுண்ட் காயறதுக்குள்ள செமஸ்டர் வந்துடும். காரைக்கால்ல இது புதுசில்ல. அதனால நம்ம டிபார்ட்மென்ட் ஃபுட்பால்ல 12 டீமும் எல்லாரோடயும் ஆட முடியாது. அதுக்கு 66 மேட்ச் வேணும். சீட்டுக் குலுக்கி டீமுக்கு 4 மேட்ச், மொத்தம் 24. அதுல தப்பில்ல. புள்ளி சமமானா என்ன செய்யறோம் என்பதில்தான் தப்பு.

போன வருஷம் கடைசி அரையிறுதி இடத்துக்கு நாங்களும் இன்னொரு டீமும் 9 புள்ளியில் நின்றோம். கோல் வித்தியாசம் பார்த்தாங்க. அவங்க உள்ளே, நாங்க வெளியே. அவங்களோட ஆடின நாலு டீம்ல ரெண்டு டீம் ஒரு புள்ளிகூட எடுக்கல. அதுல ஒண்ணைத்தான் 7-0ன்னு அடிச்சாங்க. நாங்க ஜெயிச்ச மூணும் 1-0. தோத்தது கப் வாங்கின டீம்கிட்ட. எங்க நாலு எதிரணியும் எடுத்த புள்ளியைக் கூட்டினா 31. அவங்களோடது 12.

இது வெறும் புலம்பல் இல்லை. 2022-ல இதே கடலோரத்துல, மாமல்லபுரத்துல செஸ் ஒலிம்பியாட் நடந்துச்சே, அங்கே பெண்கள் பிரிவில் இந்தியா, அமெரிக்கா, கஜகஸ்தான் மூணும் 17 புள்ளி. கடைசிச் சுற்றில் அமெரிக்காவிடம் தோத்தும் வெண்கலம் நமக்குத்தான். காரணம், ஒவ்வொரு எதிரணியும் தொடர் முழுக்க எடுத்த புள்ளியை, அவங்களுக்கு எதிரா நாம எடுத்த போர்டு புள்ளியால் பெருக்கிக் கூட்டுவாங்க. அதாவது, நாம ஜெயிச்ச டீம் அதுக்கப்புறம் நல்லா ஆடினா, நம்ம பழைய வெற்றிக்கும் மதிப்பு கூடும்.

“சாம்பியன்ஸ் லீக்லயே கோல் வித்தியாசம்தானே முதல்ல?” என்று கேட்பீங்க. உண்மைதான். 36 டீம், ஆளுக்கு 8 மேட்ச் என்ற புது முறையில் எதிரணிகளின் புள்ளி ஆறாவதாகத்தான் வருது. ஆனா அங்கே டீம்களைத் தரவாரியா நாலு தொட்டியா பிரிச்சு, ஒவ்வொண்ணுலேர்ந்தும் ரெண்டு எதிரணி தர்றாங்க. நம்மகிட்ட இருக்கிறது ஒரே டப்பா, 12 சீட்டு.

“அடுத்தவன் தோத்தா நான் ஏன் கீழே போகணும்?” என்பது நியாயமான கேள்வி. எதிரணி பாதியில் விலகினா நமக்கு அடிதான். அதுக்கும் ஒலிம்பியாட்ல வழி இருக்கு: மிகக் குறைஞ்ச புள்ளி எடுத்த ஒரு எதிரணியைக் கணக்கில் சேர்க்க மாட்டாங்க. அப்படிப் பார்த்தாலும் எங்களுக்கு 25, அவங்களுக்கு அதே 12. எதிரணி நம்ம கையில இல்லைதான்; சீட்டு மட்டும் நம்ம கையிலயா இருந்துச்சு?

அதனால ஸ்போர்ட்ஸ் கமிட்டிக்கு ஒரே கோரிக்கை. இந்த வருஷம் புள்ளி சமமானா, முதலில் எதிரணிகளின் புள்ளி, பிறகு கோல் வித்தியாசம். ஒரு எக்செல் ஷீட் போதும்.

இதில் இன்னொரு லாபமும் இருக்கு. “நாமதான் வெளிய போயாச்சே”ன்னு கடைசி மேட்சுக்கு வராம வாக்ஓவர் கொடுக்கிற பழக்கம் நம்மகிட்ட இருக்கு. புது கணக்குப்படி, நீங்க வராட்டி உங்களோட முன்னாடி மல்லுக்கட்டின மூணு டீமுக்கும் அது இழப்பு. அதனால தோத்தாலும் பூட்ஸை மாட்டிட்டு வாங்க. உங்க மேட்ச் உங்களோடது மட்டும் இல்ல.