மைக் மக்கர் பண்ணினால் சிரிப்பு எங்கே வரும்? பாட்டு-காமெடி கச்சேரிகளில் ஏமாறும் பெரம்பலூர், அரியலூர் ரசிகர்கள்

பெரம்பலூர்,

மேடையில் மிமிக்ரி கலைஞர் ஏதோ சொல்கிறார். முன்வரிசை விழுந்து விழுந்து சிரிக்கிறது. பத்து வரிசை தள்ளி உட்கார்ந்திருப்பவர்களுக்கு 'ஊய்ய்ங்' என்ற சத்தம் மட்டும்தான் கேட்கிறது. "என்னய்யா சொன்னாரு?" என்று பக்கத்தில் இருப்பவரை கேட்டு முடிப்பதற்குள் அடுத்த ஜோக்கும் போய்விடுகிறது. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் திருவிழா கச்சேரிக்கு போய் வந்தவர்களுக்கு இந்த காட்சி புதுசு இல்லை.

சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும் விளையும் ஊர்கள் ஒரு பக்கம். சிமெண்ட் ஆலை லாரிகள் ஓடும் ஊர்கள் இன்னொரு பக்கம். இரண்டு பக்கமும் திருவிழா என்றால் தலைக்கட்டு வரி போட்டுத்தான் கச்சேரி நடக்கிறது. வேலை இல்லாத வாரத்திலும் கடன் வாங்கியாவது வரியை கொடுத்து விடுகிறார்கள். அப்படி சேர்ந்த பணத்தில் நடக்கும் நிகழ்ச்சி மைக் கோளாறால் புஸ் ஆகும்போது வருகிற கோபம் சாதாரண கோபம் அல்ல.

பபூன் காலத்தில் மைக் இல்லை

பாட்டும் சிரிப்பும் ஒரே மேடையில் வருவது நம்ம ஊருக்கு பழைய வழக்கம்தான். வள்ளி திருமணம் நாடகத்தில் ஆர்மோனியத்தோடு சேர்ந்து பபூன் அடித்த லூட்டிக்கு மைக் கிடையாது. தொண்டையே ஸ்பீக்கர். கூட்டமும் அதற்கு தகுந்த அளவில்தான் இருந்தது.

2005-க்கு பிறகு 'கலக்கப் போவது யாரு' போன்ற டி.வி. நிகழ்ச்சிகள் வந்ததும் நிலைமை மாறியது. போஸ்டரில் 'டி.வி. புகழ்' என்று போட்டால் போதும், சுற்று வட்டார கிராமங்களே திரண்டு வந்தன. உடம்பு முழுக்க பெயிண்ட் பூசிக்கொண்டு ரோபோ மாதிரி ஆடி கிராமத்து மேடைகளில் கைதட்டல் வாங்கி, பிறகு சினிமாவுக்கு போனவர்தான் ரோபோ சங்கர். 2025 செப்டம்பர் 18-ந்தேதி அவர் இறந்தபோது அவரை திருவிழா மேடையில் பார்த்த ஞாபகத்தை பேசாத டீக்கடை குறைவு. இப்படி பெயர் வாங்கியவர்களை கூப்பிட்டு வருகிறார்கள், கூட்டமும் பத்து மடங்கு ஆகிறது. மைக்செட் மட்டும் பல ஊர்களில் அதே பழைய செட்.

கோளாறு எங்கே?

பாட்டு கச்சேரியில் சத்தம் கொஞ்சம் கரகரத்தாலும் ரசிகன் சமாளித்து விடுவான். தெரிந்த பாட்டுதானே, மனசுக்குள் பாடிக்கொள்வான். காமெடி அப்படி இல்லை. ஒரு வார்த்தை விழுங்கப்பட்டால் ஜோக் காலி. 'தும் தும்' என்று நெஞ்சை அதிர வைக்கும் பெரிய பெட்டிகளை அடுக்கி வைப்பதால் இதற்கு ஒரு பிரயோஜனமும் கிடையாது. வார்த்தையை புரிய வைப்பது கனமான சத்தம் இல்லை, கூர்மையான சத்தம். அது மேடையை விட்டு தள்ளிப் போகப் போக தேய்ந்து விடுகிறது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. சத்தம் ஒரு வினாடிக்கு சுமார் 340 மீட்டர் தூரம்தான் போகும். நூறு மீட்டர் தள்ளி நிற்பவருக்கு எல்.இ.டி. திரையில் வாய் அசைந்து கிட்டத்தட்ட 0.3 வினாடி கழித்துத்தான் வார்த்தை வந்து சேரும். இதற்காக பெரிய நிகழ்ச்சிகளில் நடுவில் தனி ஸ்பீக்கர் கோபுரம் வைத்து, மேடை சத்தத்தோடு சேருகிற மாதிரி நேரத்தை தள்ளி வைக்கிறார்கள். கிராமத்தில் நாலு ஸ்பீக்கரை நாலு கம்பத்தில் கட்டுவதோடு சரி. ஒரே வார்த்தை இரண்டு தடவை காதில் விழுந்தால் டைமிங் எங்கே நிற்கும்?

அடுத்தது கரண்ட். பல ஊரில் சீரியல் செட், ராட்டினம், பஜ்ஜி கடை பல்பு, மைக்செட் எல்லாம் ஒரே லைனில் தொங்குகின்றன. ராட்டினம் கிளம்பும்போது வோல்டேஜ் இறங்குகிறது. உடனே டிஜிட்டல் மிக்சர் அணைந்து மறுபடியும் முதலில் இருந்து கிளம்புகிறது. அது உயிர் பெறும் வரை மேடையில் நிற்கிற கலைஞர் வெறும் வாயோடு சமாளிக்க வேண்டும். மின்வாரியத்தில் பணம் கட்டி தற்காலிக இணைப்பு வாங்குவதையும், மைக்செட்டுக்கு மட்டும் தனி ஜெனரேட்டர் வைப்பதையும் செலவு என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். வயர் இல்லாத மைக்குக்கு புது பேட்டரி போடாமல் விட்டு, பாதி பாட்டில் மைக் செத்துப் போவதும் உண்டு. இதற்கு ஆகும் செலவு ஒரு டீ, வடை காசு. சிரிப்பதா அழுவதா!

பெரிய இடத்திலும் இதே கூத்து

கிராமத்து மைக்செட்காரரை மட்டும் குறை சொல்வது நியாயம் இல்லை. ஏ.ஆர்.ரகுமானின் 'மறக்குமா நெஞ்சம்' நிகழ்ச்சி 2023 ஆகஸ்டு 12-ந்தேதி மழையால் தள்ளிப்போனது. பிறகு செப்டம்பர் 10-ந்தேதி சென்னை கிழக்கு கடற்கரை சாலை பனையூரில் நடந்தபோது என்ன ஆனது? ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து டிக்கெட் வாங்கியவர்கள் உள்ளேயே போக முடியவில்லை. உள்ளே போனவர்களிலும் பின்னால் நின்றவர்கள் பாட்டே சரியாக கேட்கவில்லை என்று கொந்தளித்தனர். பெண்கள் நெரிசலில் பட்ட பாடு தனி. அமைப்பாளர்கள் மன்னிப்பு கேட்டார்கள், வழக்கும் பாய்ந்தது. பாதிக்கப்பட்டவர்கள் டிக்கெட் நகலை அனுப்பும்படி ரகுமானே கேட்டுக்கொண்டார்.

அடுத்த ஆண்டு 2024 பிப்ரவரி 9-ந்தேதி யாழ்ப்பாணம் முற்றவெளியில் பாடகர் ஹரிகரன் நிகழ்ச்சி. நடிகை தமன்னா உள்பட சினிமா பிரபலங்கள் வந்திருந்தார்கள். இலவச பகுதியில் நின்ற கூட்டம் தடுப்பை உடைத்துக்கொண்டு காசு கொடுத்தவர்கள் பகுதிக்குள் புகுந்தது. நிகழ்ச்சி நடுவில் நிற்க, ரகளையை அடக்க போலீசார் திணறினார்கள்.

நம்ம பக்கத்து கதை 2025 செப்டம்பர் 13-ந்தேதி நடந்தது. அது கச்சேரி இல்லை, அரசியல் கூட்டம். த.வெ.க. தலைவர் விஜய் திருச்சியில் பிரசாரத்தை தொடங்கியபோது மைக் மக்கர் பண்ணியது. மணிக்கணக்கில் வெயிலில் நின்ற பலருக்கு அவர் பேசியது காதில் விழவில்லை. அன்று இரவு அரியலூரில் பேசினார். பெரம்பலூருக்கு வந்து சேர நள்ளிரவு தாண்டி விட்டதால் பேச்சு ரத்து. காத்திருந்த பெரம்பலூர் கூட்டம் வெறுங்காதோடு வீடு திரும்பியது.

பின்னால் இருப்பவருக்கு கேட்கவில்லை என்றால் அவர் முன்னால் வரத்தான் பார்ப்பார். எல்லோரும் முன்னால் வந்தால் முன்னால் இருக்கிற பெண்கள், குழந்தைகள் கதி என்ன? மைக் கோளாறு வெறும் ரசனை சமாச்சாரம் இல்லை என்பது இந்த இடத்தில்தான் தெரியும். கரூரில் 2025 செப்டம்பர் 27-ந்தேதி கூட்ட நெரிசலில் 41 பேர் பலியான பிறகு கூட்டம் என்றாலே வீட்டில் உள்ளவர்கள் பயப்படுகிறார்கள். அந்த பயம் நியாயமானதுதான்.

10 மணி ஆனால் கதை முடிந்தது

ஒலி மாசு விதிகள் 2000-ம் ஆண்டு வந்தவை. இதன்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக நள்ளிரவு 12 மணி வரை அரசு தளர்வு கொடுக்கலாம். அதுவும் வருடத்தில் 15 நாளுக்கு மேல் போகக்கூடாது. இதனால் 8 மணிக்கு மைக் போய் 9.30 மணிக்கு சரியானால், மிச்சம் அரை மணி நேரம்தான். பெயர் பெற்ற காமெடி கலைஞரை கடைசியில்தான் ஏற்றுவார்கள். அவர் வணக்கம் சொல்வதற்கும் போலீஸ் ஜீப் வந்து நிற்பதற்கும் சரியாக இருக்கும். போலீசையும் குறை சொல்ல முடியாது. பரீட்சைக்கு படிக்கிற பிள்ளையும், நெஞ்சுவலி பெரியவரும் அதே தெருவில்தான் இருக்கிறார்கள்.

காசு திரும்ப வருமா?

டிக்கெட் வாங்கி போனவருக்கு வழி இருக்கிறது. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு சட்டப்படி சேவை குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த பணம் ரூ.5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்காமல் நேரிலும் வாதாடலாம். டிக்கெட்டை கிழித்துப் போடாமல் வைத்திருப்பது முக்கியம். 1915 என்ற இலவச எண்ணில் ஆலோசனையும் கிடைக்கும்.

திருவிழாவில் தரையில் உட்கார்ந்து பார்த்தவருக்கு இந்த வழி இல்லை. காசு கொடுத்து வாங்காத சேவைக்கு நுகர்வோர் ஆக முடியாது. வரியை கோவிலுக்குத்தானே கொடுத்தார்! விழா கமிட்டிதான் கச்சேரி குழுவோடும் மைக்செட்காரரோடும் பேசி அட்வான்ஸ் கொடுக்கிறது. அதுவும் பெரும்பாலும் வாய் வார்த்தை. எத்தனை ஸ்பீக்கர், ஜெனரேட்டர் யார் பொறுப்பு, எத்தனை மணிக்கு மைக் டெஸ்ட், பாதியில் நின்றால் பணம் எவ்வளவு குறையும் என்று ஒரு பேப்பரில் எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்து போடுவது அபூர்வம்.

பேப்பர் இல்லாததால் மறுநாள் காலையில் கோவில் வாசலில் பஞ்சாயத்து கூடுகிறது. கச்சேரி குழு ராத்திரியே மீதி பணத்தை வாங்கிக்கொண்டு வேன் ஏறி போயிருக்கும். அகப்படுவது உள்ளூர் மைக்செட்காரர் ஒருவர்தான். கரண்ட் லைனில் ராட்டினத்தையும் பஜ்ஜி கடையையும் சேர்த்து கட்டச் சொன்னது கமிட்டியாகவே இருந்தாலும், மீதி பாக்கியில் கை வைக்கப்படுவது அவருக்குத்தான்.