இறக்கைக்கொரு நீதி, இரைப்பைக்கொரு நீதி!

தூத்துக்குடி வாகைக்குளத்தில் 2025 ஜூலை 26 அன்று புதிய விமான முனையம் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 20 இலட்சம் பயணிகள் வந்துபோகலாமாம். மகிழ்ச்சிதான்! தேரி மணலிலே பனையேறிப் பிழைத்தவனின் பேரப்பிள்ளை வானேறிப் பிழைக்கட்டும். வேண்டாமென்று யார் சொல்வர்? நாசரேத்தோ, 1878 இல் மர்காஷியஸ் தொழிற்பள்ளி தொடங்கிய காலந்தொட்டுக் கைத்தொழில் கற்றவனுக்குக் கஞ்சிக்குக் குறையில்லை என்று நம்பி வளர்ந்த ஊர். அவ்வூர்ப் பிள்ளைகள் இனி விமானப் பணிக்கும் படிப்பர். நகையை அடகு வைத்தேனும் பெற்றோர் படிக்க வைப்பர். ஏறும் வழியைக் காட்டுவோர் ஏராளம். ‘நாளை முதல் வராதே’ என்று நிறுவனம் கதவை அடைத்தால் அந்தப் பிள்ளை கையில் என்ன மிஞ்சும்? அதைச் சொல்வோரைத்தான் காணோம்!

வீண் அச்சமா இது? 2012 அக்டோபரில் கிங்ஃபிஷர் நின்றது. பல மாத ஊதியம் நின்றுபோன பிறகே விமானமும் நின்றது! அதன் முதலாளி 2016 மார்ச்சில் நாட்டைவிட்டே போனார். ஊழியர் போக இடமின்றி நின்றனர். 2019 ஏப்ரல் 17 இல் ஜெட் ஏர்வேஸ் நின்றது. 2023 மே 3 இல் கோ ஃபர்ஸ்ட் நின்றது. பத்தாண்டுக்குச் சற்றே மேல். மூன்று பெரு நிறுவனங்கள்!

“சட்டம் இருக்கிறதே, ஐயா” என்பர். இருக்கிறது. 1953 இல் விமான நிறுவனங்கள் நாட்டுடைமையாயின. அதே ஆண்டில்தான் தொழில் தகராறுச் சட்டத்திலே ஆட்குறைப்பு இழப்பீடும் நுழைந்தது. ஒரு மாத முன்னறிவிப்பு. ஒவ்வோர் ஆண்டுப் பணிக்கும் 15 நாள் சராசரி ஊதியம். 240 நாள் உழைத்தால் ஓராண்டு என்பது கணக்கு. 2025 நவம்பர் 21 இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத்தொகுப்பும் அந்த 15 நாளையே அடிப்படையாக வைத்திருக்கிறது. எழுபது ஆண்டுகளில் விமானம் ஒலியை முந்திப் பார்த்தது. இழப்பீடோ 15 நாளிலேயே இருக்கிறது!

அந்த 15 நாளாவது ஒழுங்காகக் கிடைக்கிறதா? குறித்த காலத்திற்கு ஒப்பந்தம் எழுதி, காலம் முடிந்ததும் அனுப்பிவிட்டால் அது ஆட்குறைப்பே அன்று என்று 1984 இல் ஒரு கதவு திறந்தார்கள். மேற்பார்வையாளன் என்று பட்டம் சூட்டி, ஊதியமும் வரம்பைக் கடந்தால் அவன் தொழிலாளி அல்லன். ஆலையை மூட, சுரங்கத்தை மூட, தோட்டத்தை மூட, குறித்த எண்ணிக்கைக்கு மேல் ஆள் இருந்தால் அரசின் முன் அனுமதி வேண்டும். விமான நிறுவனத்துக்கு அந்தத் தளையும் இல்லை. 2008 அக்டோபரில் ஜெட் நிறுவனம் ஒரே நாளில் 800 பேரை வெளியேற்றியது. எதிர்ப்பு மூண்டதும் மறுநாளே திரும்ப அழைத்தது. அவர்களைக் காத்தது சட்டப் பிரிவா, தெருவில் எழுந்த குரலா?

அதே ஜெட் 2019 இல் வீழ்ந்தபோது எந்தக் குரலும் பயன்படவில்லை. 2022 அக்டோபரில் தேசிய நிறுமச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், வருங்கால வைப்புநிதியையும் பணிக்கொடையையும் கொடு என்றது. வாங்க வந்தவர் உச்ச நீதிமன்றம் போனார். 2023 சனவரியில் அங்கும் தோற்றார். கொடுத்தாரா? 2024 நவம்பர் 7 இல் நிறுவனத்தையே கலைத்துவிட உச்ச நீதிமன்றம் ஆணையிட வேண்டி வந்தது. 2016 இன் நொடிப்புச் சட்டம் வகுத்த வரிசையைப் பாருங்கள்: கலைப்புத் தொடங்கிய நாளுக்கு முந்தைய 24 மாதத்துத் தொழிலாளர் நிலுவைக்கே முன்வரிசையில் இடம், மற்ற ஊழியர்க்கு 12 மாதம், அதுவும் அடுத்த படியில். விமானம் நின்றது 2019 இல், கலைப்பு ஆணை 2024 இல்! கடைசி 24 மாதத்தில் எந்த விமானத்தில் ஏறி, எந்த உழைப்பைத் தந்து, எந்த நிலுவையைச் சேர்த்திருப்பர் அந்த ஊழியர்?

இனி மறுபக்கம் பாருங்கள். கோ ஃபர்ஸ்ட் நின்றது மே மாதம். அதற்கு விமானங்களை வாடகைக்கு விட்ட அயல்நாட்டு நிறுவனங்கள், ‘எங்கள் பொருள் சிக்கிக்கொண்டதே’ என்று முறையிட்டன. அதே 2023 அக்டோபர் 3 இல், நொடிப்புச் சட்டத்தின் தடை விமானத்தைக் கட்டாது என்று நடுவணரசு அறிவிக்கை தந்தது. 2025 இல் அவர்களுக்கென்றே தனிச் சட்டமும் வந்தது. ஐந்தே மாதத்தில் அறிவிக்கை, இரண்டே ஆண்டில் சட்டம்! டில்லிக்கு விரைந்து நடக்கத் தெரியாது என்று இனி எவரும் சொல்லாதீர்.

விமானத்தின் மீது ஊழியர்க்கும் உரிமை உண்டு என்று பன்னாட்டு உடன்படிக்கையில் சேர்ந்தபோது இந்தியா அறிவித்திருக்கிறதே என்று ஓர் அறிஞர் குறுக்கிடலாம். உண்டு. தவணை தவறியதாக அறிவிக்கப்பட்ட நாளுக்குப் பிறகு நிலுவையான ஊதியத்துக்கு மட்டும்! அதற்கு முன் பல மாதம் பட்டினியாகப் பறந்தவனுக்கு அதில் இடமில்லை. இழப்பீடு என்ற சொல்லே அதில் இல்லை.

“நொடித்துப் போனவனிடம் பணம் ஏது? கல்லில் நார் உரிப்பதா?” என்று கேட்பர். விடை இந்தக் கரையிலேயே இருக்கிறது. முத்துக்குளித்த காலத்தில் வெள்ளையன் ஆட்சி சிப்பியில் மூன்றில் இரு பங்கை எடுத்துக்கொண்டது. பகற்கொள்ளைதான், ஐயமில்லை! ஆயினும் மூழ்கி எழுந்தவனின் ஒரு பங்கு அன்றன்றே கரையில் கூறு கட்டிப் பிரிக்கப்பட்டது. அரசின் பங்கு ஏலத்தில் விலைபோனதா, உள்ளே முத்து இருந்ததா, வணிகன் நொடித்தானா என்று அவன் காத்திருக்கவில்லை. கொள்ளையடித்த ஆட்சிக்கே தெரிந்திருந்த முறை, மக்களாட்சிக்குத் தெரியாமற்போவதேன்?

இழப்பீடு ஈகை அன்று. ஆண்டுதோறும் உழைத்து ஈட்டிய கடன். கடனென்றால் ஆண்டுதோறும் எடுத்து வைக்க வேண்டும். ஒவ்வோர் ஊழியருக்கும் சேரும் இழப்பீட்டையும் பணிக்கொடையையும் முதலாளியின் கைபடாத தனி வைப்பில் கட்டிய சீட்டைக் காட்டினாலன்றி விமான நிறுவனத்துக்கு உரிமம் இல்லை என்று விதி செய்யட்டும். ஒப்பந்த ஊழியர் கணக்கும் அதிலே ஏறட்டும். பாதுகாப்புச் சான்று இல்லாத விமானத்தைப் பறக்க விடுவதில்லையே. அதே மேசையில் இந்தச் சீட்டையும் கேட்பது எப்படிக் கடினமாகும்?

2022 சனவரியில் ஏர் இந்தியாவை டாட்டாவுக்கு விற்றபோது, ஓராண்டுக்கு எவரையும் நீக்கக்கூடாது என்று அரசு நிபந்தனை போட்டது. நிபந்தனை போடத் தெரிந்த கைதான் அது. வாகைக்குளத்துக்கு விமானம் கொண்டுவரும் நிறுவனம் எதுவாயினும், வைப்புக் கட்டிய சீட்டு எங்கே என்று தூத்துக்குடியின் நாடாளுமன்ற உறுப்பினர் அவையில் எழுந்து கேட்கட்டும்.