உழைத்த கட்டைக்கு ஓய்வு

தா.பழூரில் பனியென்றால் மார்கழி விடியற்காலையில் கொள்ளிடக் கரையை மூடிக்கொள்ளும் மூட்டந்தான். அதன் மேல் சறுக்கி ஓடலாம் என்று இவ்வூர்ச் சிறுவனிடம் சொன்னால் வாய்விட்டுச் சிரிப்பான். ஆனால் நம் பள்ளிக்கூடத்தில் படித்துப் பட்டாளத்தில் சேர்ந்த பிள்ளை ஒருவன் சில வருஷங்களாகக் காச்மீரத்தில் இருக்கிறான். சென்ற கோடையில் லீவில் வந்தபோது, "ஸார், சறுக்குக் கட்டை மேல் ஏறி ஓடுவது ஒரு வித்தை. பனி கரைந்த பிறகு அந்தக் கட்டையைப் பத்திரப்படுத்துவது இன்னொரு வித்தை. முதல் வித்தைக்கு எல்லோரும் ஓடி வருகிறார்கள், இரண்டாவதற்கு ஆளைப் பிடித்து இழுக்க வேண்டியிருக்கிறது" என்றான்.

பனிச்சறுக்குக் கட்டைகளை நேயர்கள் படத்தில் பார்த்திருக்கலாம். ஏறத்தாழ ஆள் உயரத்துக்கு இரண்டு மெல்லிய பலகைகள். முனை மட்டும் மேல்நோக்கி வளைந்திருக்கும். குல்மார்க்கில் 1927-ஆம் ஆண்டிலேயே வெள்ளைக்கார அதிகாரிகள் இதற்கென ஒரு சங்கம் ஏற்படுத்தினார்கள். சுதந்தரம் வந்த மறு வருஷம், 1948 டிசம்பரில், நம் ராணுவம் அங்கே ஒரு சறுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கிற்று. பிற்பாடு அதுவே உயர்மலைப் போர்முறைப் பள்ளியாக வளர்ந்தது. உல்லாசப் பிரயாணிகளுக்கு விளையாட்டாக இருப்பது அங்கே எல்லைக் காவலுக்கான சாதனம்.

பருவம் முடிந்ததும் கட்டையை அப்படியே மூலையில் சார்த்திவிட்டால் என்ன ஆகும்? அதன் இரு ஓரங்களிலும் எஃகு விளிம்பு ஓடுகிறது. ஈரம் இருந்தால் ஒரு மாதத்துக்குள் துரு ஏறிவிடும். ஆகவே முதலில் அழுக்கைக் கழுவித் துடைத்து நன்றாக உலர்த்துகிறார்கள். துருப் பிடித்த இடத்தைக் கல்லால் தேய்த்து எடுக்கிறார்கள். பிறகு அடிப்பாகம் முழுவதும், விளிம்பும் மறையும்படி, மெழுகை உருக்கித் தடிப்பாகப் பூசுகிறார்கள். அந்த மெழுகைச் சுரண்டாமல் அடுத்த பனிக்காலம் வரையில் விட்டுவைப்பதே சூட்சுமம். கட்டையின் நடுப்பகுதி லேசாக வில்போல் மேலே எழும்பியிருக்கும். ஜோடியைச் சேர்த்து நடுவில் இறுக்கிக் கட்டினால் அந்த வில் மாதக்கணக்கில் அமுங்கிச் சோர்ந்துவிடும். முழுதும் மரத்தால் செய்த பழைய காலத்துக் கட்டைகளுக்கு நடுவே ஒரு மரத்துண்டைச் செருகி, இரண்டு முனைகளை மாத்திரம் கட்டி வைப்பார்களாம்.

பூட்ஸைக் கவ்வும் பூட்டில் வலுவான சுருள்வில் ஒன்று உண்டு. ஓய்வுக் காலத்தில் அதைத் தளர்த்தி வைக்க வேண்டும் என்பது பழைய ஆசாரம். இக்காலத்துப் பூட்டுக்களுக்கு அது வேண்டியதில்லை என்பாரும் உளர். எப்படியானாலும், பருவம் திறக்கும்போது பூட்டைச் சோதித்துப் பார்க்காமல் மலையேறலாகாது. விழுகிற வேளையில் பூட்டுக் கழன்று கொடுக்காவிட்டால் முழங்கால் போய்விடும்.

வெயில் படுகிற பரண் உதவாது. ஈரம் ஊறும் சிமெண்டுத் தரையும் உதவாது. ஈரத்தோடு பையில் போட்டு மூடுவதோ எல்லாவற்றிலும் மோசம். காற்றோட்டமுள்ள, குளிர்ந்த, உலர்ந்த அறை வேண்டும். விலையுயர்ந்த சாமான் என்பதால் கதவுக்கு நல்ல பூட்டும் வேண்டும்.

இயற்கை தானே பாதுகாத்து வைத்த கட்டைகளும் உண்டு. நார்வே தேசத்தில் டிகெர்வார்டன் என்னும் மலைப் பனித்திட்டு உருகியபோது 2014-ஆம் ஆண்டில் மரத்தாலான ஒற்றைச் சறுக்குக் கட்டை கிடைத்தது. ஏழு வருஷம் கழித்து, 2021-இல், அதன் ஜோடியும் அகப்பட்டது. வயது சுமார் 1300 வருஷம்! பனிக்குள் புழு பூச்சியும் காளானும் வேலை செய்ய முடியாது. மரம் செய்தபடியே இருந்துவிட்டது.

நம் சீமைக்கு அந்தப் பாக்கியம் இல்லை. வெப்பமும் ஈரமும் மாறி மாறி வரும் இந்தப் பூமியில் வருஷத்தில் ஓரிரு நாள் உழைத்துவிட்டு மீதி நாளெல்லாம் சும்மா நிற்கும் பெரிய மரச் சாமான் ஒன்று ஊருக்கு ஊர் இருக்கிறது. ஸ்வாமியின் தேரைத்தான் சொல்கிறேன்.

பல ஊர்களில் மாசி முதல் சித்திரை வரையில் தேரோட்டம் நடக்கிறது. அது முடிந்ததும் கத்திரி வெயில். அப்புறம் ஐப்பசி கார்த்திகை அடைமழை. வெயிலில் மரம் வெடிக்கிறது; அந்த வெடிப்பில் மழை நீர் இறங்குகிறது; ஈரம் நின்ற இடத்தில் காளான் பூத்து மரம் மக்குகிறது. தரையிலிருந்து கறையான் மண்புற்றுக் கட்டிக்கொண்டு ஏறுகிறது. மூங்கிலும் துணியும் கொண்டு கட்டிய மேற்பகுதியை அவிழ்த்துவிடுகிறார்கள். சிற்பம் நிறைந்த அடிப்பகுதியல்லவா பதினொரு மாதம் தெருவில் நிற்க வேண்டியிருக்கிறது!

கீற்றுக் கொட்டகை போட்டால் குளிர்ச்சிதான். ஆனால் ஒரு வாணப்பொறி போதும். தகரக் கொட்டகையில் தீப்பயம் குறைவு. உள்ளே அடுப்புப்போல் காயும். உயரமாகப் போட்டு, பக்கங்களில் காற்றுப் போக வழி விட்டால் தகரமே மேல் என்பது என் அபிப்பிராயம். சில இடங்களில் தேர் முழுவதையும் பிளாஸ்டிக் படுதாவால் சுற்றிக் கயிறு போட்டு இறுக்கிவிடுகிறார்கள். பார்வைக்குப் பத்திரம். படுதாவை நீக்கிப் பார்த்தால் உட்புறம் வியர்த்துச் சிற்பமெல்லாம் நனைந்திருக்கும். ஈரத்தோடு பைக்குள் போட்ட சறுக்குக் கட்டைக்கு நேர்கிற கதிதான் இது.

பளபளக்கும் சாயத்தை வருஷா வருஷம் அப்புகிற வழக்கத்தையும் நான் ஒப்புவதில்லை. சாயத்துக்கு அடியில் எந்தப் பூதகணத்தின் கழுத்தில் விரிசல் விட்டிருக்கிறது என்று யார் கண்டது? எண்ணெய் பூசினால் வெடிப்புக் கண்ணுக்குத் தெரியும். நம் பக்கத்து முந்திரிக் கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயைச் செம்படவர்கள் படகுக்குப் பூசுவதுண்டு, பூச்சி அண்டாது. ஆனால் அது தோலில் பட்டால் புண்ணாக்கிவிடும். குழந்தைகள் ஏறி விளையாடுகிற தேருக்கு ஆகாது. இதில் ஸ்தபதியின் யோசனையைக் கேட்பதே உசிதம்.

எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது சக்கரமும் அச்சுந்தான். மண் தரையில் சக்கரம் ஒரே இடத்தில் நின்றால் பாரமெல்லாம் அந்த ஒரு புள்ளியில் அழுந்துகிறது. மண்ணின் ஈரமும் அங்கேயே ஏறுகிறது. நிலையில் கருங்கல் தளம் போட்டு, சட்டத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்து, சக்கரத்தின் மேலுள்ள சுமையைக் குறைக்க வேண்டும். சிற்பம் சிதைந்தால் கண்ணுக்குக் குறை. அச்சு மக்கியிருந்தால், வடம் பிடித்த நூற்றுக்கணக்கான ஜனங்களுக்கு நடுவில் அது முறியும்.

திருவாரூர் ஆழித்தேரின் சரித்திரத்தைப் பாருங்கள். பழைய தேர் 1926-ஆம் ஆண்டு உற்சவத்தில் தீக்கிரையாயிற்று. புதிது செய்து 1930-இல் ஓட விட்டார்கள். 1948-க்குப் பிறகு ஓட்டம் நின்று, 1970-இல்தான் மறுபடி நகர்ந்தது. திருச்சி பாரத மிகுமின் நிறுவனத்தார் செய்துகொடுத்த இரும்புச் சக்கரமும் பிரேக்கும் இப்போது அதைத் தாங்குகின்றன. அவ்வளவு பெரிய தேருக்கு நாடே கவலைப்படும். சிறிய ஊரின் சிறிய தேருக்கு அவ்வூர் ஜனங்களைத் தவிர யார் இருக்கிறார்கள்? இலுப்பையும் வேங்கையும் முன்போல் மலிவாகக் கிடைக்கிற காலமும் அல்ல இது. பெயர்த்து எடுத்த ஒரு தேர்ச் சிற்பத்துக்கோ சீமைச் சந்தையில் விலை இருக்கிறது. ஆகவே, ஒவ்வொரு பொம்மையையும் படம் பிடித்து எண் போட்டு ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் எழுதி வைத்தல் நலம். எட்டாவது வகுப்புப் பிள்ளைகளே இரண்டு சனிக்கிழமையில் செய்து முடித்துவிடுவார்கள்.

கடைசியாக வடம். தேர் நிலைக்கு வந்ததும் வடத்தைச் சுருட்டி மண்டபத்து மூலையில் எறிந்துவிடுகிறார்கள். எலி அதில் குடித்தனம் வைக்கிறது. புழுதியை உதறி, வெயிலில் காய்த்து, தரையில் படாமல் கட்டைகளின் மேல் தளர்வாகச் சுற்றி வைக்க வேண்டும். தை பிறந்ததும் முழு நீளத்தையும் தெருவில் விரித்து, பிரி பிரியாகக் கையால் தடவிப் பார்க்க நாலு பேர் போதும். அரை நாள் வேலை.