ஊசி போட்ட மாட்டின் பாலைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா?

விழுப்புரம் மாவட்டம், கிளியனூரில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கும் கேள்வி இது: 'எங்கள் கலப்பினப் பசுவுக்கு மடிநோய் வந்து மூன்று நாள்களாக ஊசி போடுகிறோம். மழைக்காலத்தில் உப்பளம் வேலை கிடையாது, பால் காசுதான் வீட்டை ஓட்டுகிறது. இந்தப் பாலை நன்றாகக் காய்ச்சி, வீட்டில் உள்ள குழந்தைக்குக் கொடுக்கலாமா? சொசைட்டிக்கு ஊற்றலாமா?'

இரண்டும் கூடாது. மடிநோய்க்குப் போடும் ஆன்டிபயாடிக் மருந்து பாலில் இறங்கும். காய்ச்சினால் கிருமி சாகும். மருந்தின் எச்சம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அந்த எச்சமே தடிப்பையும் அரிப்பையும் கொண்டு வரலாம். கடைசி ஊசிக்குப் பிறகு எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும் என்பது மருந்துக்கு மருந்து மாறும். மருந்து அட்டையில் அந்தக் கணக்கு அச்சிடப்பட்டிருக்கும், இல்லாவிட்டால் ஊசி போட்ட மருத்துவரிடமே கேட்டு, காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை கறக்கும் பால் கன்றுக்கும் வேண்டாம். குழி தோண்டி ஊற்றி விடுவதே நல்லது. வயிறு எரியும்தான். ஆனால், சொசைட்டி கேனில் அது ஊர்ப் பாலோடு கலந்தால் எத்தனையோ வீட்டுக் குழந்தைகள் குடிப்பார்கள்.

எச்சம் மட்டுமல்ல பிரச்னை. ஆன்டிபயாடிக்கை அடிக்கடியும் அரைகுறையாகவும் போட்டால், கிருமிகள் அதற்குப் பழகிவிடும். அப்படிப் பழகிய கிருமி மாட்டோடு நிற்பதில்லை. சாணம், பால், கறப்பவர் கை வழியாக மனிதருக்கும் வரும். மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளால் 2019-ம் ஆண்டில் மட்டும் உலகம் முழுக்கச் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். மனிதருக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கொலிஸ்டின் மருந்தை, கால்நடை, கோழி, மீன் வளர்ப்பில் பயன்படுத்த மத்திய அரசு அதே ஆண்டு ஜூலையில் தடை விதித்ததற்கும் இந்தப் பயம்தான் காரணம்.

இந்த இடத்தில்தான் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் மரபுவழி மூலிகை ஆராய்ச்சி மையம் செய்த வேலை கைகொடுக்கிறது. அங்கு பொறுப்பில் இருந்த பேராசிரியர் புண்ணியமூர்த்தி, கிராமத்தில் கைவைத்தியமாக இருந்ததை அளவோடு, நாள் கணக்கோடு முறைப்படுத்தினார். இன்று தேசியப் பால்வள வாரியமும் நாடு முழுக்க இதைப் பரப்புகிறது.

சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு 15 கிராம். கற்றாழையின் முள்ளைச் சீவி, மூன்றையும் சேர்த்து அரைத்தால் ஆரத்தி நிறத்தில் சிவந்து வரும். சிவக்காவிட்டால் சுண்ணாம்போ மஞ்சளோ சரியில்லை என்று அர்த்தம். ஒரு கைப்பிடி விழுதை 150 முதல் 200 மில்லி தண்ணீரில் கரைத்து, மடியில் உள்ள பாலை முழுவதும் பீய்ச்சிவிட்டுக் கழுவி, மடி முழுக்கத் தடவுங்கள். ஒரு நாளைக்குப் பத்து முறை, ஐந்து நாள்களுக்கு. விழுதைத் தினமும் புதிதாக அரைக்க வேண்டும். கூடவே தினம் இரண்டு எலுமிச்சம்பழத்தை நறுக்கி, மூன்று நாள் தின்னக் கொடுக்க வேண்டும்.

பலர் கோட்டை விடுவது அந்தப் 'பத்து முறை'யில்தான். காலையும் மாலையும் தடவிவிட்டு, 'மூலிகை கேட்கவில்லை' என்பார்கள்.

மடி லேசாக வீங்கி, பாலில் திரி தட்டும்போதே ஆரம்பித்தால்தான் இது நன்றாக வேலை செய்யும். மாடு தீவனம் எடுக்காமல் காய்ச்சலோடு நின்றாலோ, மடி சில்லிட்டு நீலம் பாய்ந்தாலோ கற்றாழை தேடிக்கொண்டிருக்கக் கூடாது. உடனே மருத்துவர் வேண்டும். 1962-க்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். கிளியனூர்க்காரர்களுக்குப் புதுச்சேரி குரும்பாபட்டு கால்நடை மருத்துவக் கல்லூரியும் எட்டும் தூரம்தான். ஏற்கெனவே ஊசி ஆரம்பித்திருக்கும் இந்த வாசகி, பாதியில் நிறுத்தாமல் மருத்துவர் சொன்ன நாள் வரை போட்டு முடிக்க வேண்டும். அடுத்த முறை முதல் அறிகுறியிலேயே மூலிகைக்குப் போகலாம்.

அடுத்த முறை வராமல் பார்ப்பது இன்னும் மலிவு. கறந்து முடித்ததும் காம்புத் துவாரம் சிறிது நேரம் திறந்தே இருக்கும். அந்த நேரத்தில் மாடு ஈரத்தரையில் படுத்தால் கிருமிக்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி. கறந்த கையோடு ஒரு கட்டு புல்லைப் போட்டால், அரை மணி நேரமாவது நின்று தின்னும். நோய்ப்பட்ட மாட்டைக் கடைசியாகக் கறக்க வேண்டும். திரிந்த பாலைத் தொழுவத் தரையில் பீய்ச்சாமல், பாத்திரத்தில் பிடித்து, தொழுவத்துக்கு வெளியே கொட்ட வேண்டும்.