குதிரைக்குட்டி வாங்குவோர் கவனத்திற்கு

சிம்மக்கல் வழியே ஜட்கா வண்டிகள் ஓடிய காலத்தில், குதிரையின் குணம் அறிந்தவர்கள் மதுரையில் பலர் இருந்தனர். அந்த அனுபவம் இன்று அருகிவிட்டது. ஈரோடு மாவட்டம் அந்தியூரில், ஆடி மாதம் குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தைக்குக் குட்டி வாங்கச் செல்வோர், சுழியையும் நிறத்தையும் மட்டும் பார்த்து விலை பேசிவிடுகின்றனர். இது சரியன்று. சுழி நன்றாயிருந்து கால் கோணலாயிருந்தால் என்ன பயன்?

ஆறு மாதம் நிரம்பாத, பால் மறவாத குட்டியை வாங்கலாகாது. வயதைத் தரகரிடம் கேட்பதைவிடப் பல்லைப் பார்ப்பது மேல். நடு முன்பற்கள் இரண்டரை வயதில்தான் விழுந்து முளைக்கும். கட்டிய இடத்தில் பார்ப்பதும் போதாது. பிடிகயிற்றைத் தளர்த்திப் பிடித்து, கெட்டித் தரையில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். ஓடும்போது தலையைத் தூக்கித் தூக்கிப் போட்டால் முன்காலில் நோவு இருக்கக்கூடும்.

மூக்கில் சீழ் ஒழுகும் குட்டியை, மலிவு என்பதற்காகத் தொடவே கூடாது. கிளாண்டர்ஸ் நோய் மனிதரையும் தொற்றும். அதற்குத் தடுப்பூசி இல்லை. நோய் உறுதியானால் குதிரையைக் கொல்வதே வழி. 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய் இது.

எனவே, இரத்தப் பரிசோதனைச் சான்று இல்லாத குதிரையைச் சந்தைக்குள் விடாதிருப்பதே நியாயம். வாங்குவோரும் கால்நடை மருத்துவரிடம் காட்டாமல் முன்பணம் தரலாகாது. அதற்கு இணங்காதவரிடம் பேரமே வேண்டாம். பணம் போனால் சம்பாதிக்கலாம். வீட்டாரின் உடல்நலம் போனால் மீட்பது எளிதன்று.