உதவித்தொகை எவ்வளவு என்பதைவிட எப்போது என்பதே கேள்வி

கார்டன் ரீச் என்றதும் கப்பல் கட்டும் தளமும் தென்கிழக்கு ரயில்வே தலைமையகமும் நம்மவர்களுக்கு நினைவுக்கு வரும். அதை ஒட்டிய மேட்டியாபுருஸ் தையல் தொழிலுக்குப் பெயர்போனது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பையன் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்தால் கூலி உண்டு. பாஹார்பூர் சாலையில் ஹரிமோகன் கோஷ் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் ஏழைக் குடும்பம் கல்லூரிக் கட்டணத்தை மட்டுமா கணக்குப் பார்க்கிறது? படிக்கும் ஆண்டுகளில் இழக்கும் கூலியையும் சேர்த்துத்தான் பார்க்கிறது.

மேற்கு வங்க அரசு 2013ல் கன்யாஸ்ரீ திட்டத்தைத் தொடங்கியது. 13 வயது முதல் பள்ளி மாணவிக்கு ஆண்டுதோறும் ஒரு சிறு தொகை. 18 வயதில் மணமாகாமல் படிப்பைத் தொடர்ந்தால் ஒரே தவணையில் 25,000 ரூபாய். 2017ல் ஐ.நா. பொதுச்சேவை விருதும் இதற்குக் கிடைத்தது. இந்தத் தொகையில் பட்டப்படிப்பை முடித்துவிட முடியாதுதான். ஆனால் பணம் வரும் என்பது ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே தாய்க்குத் தெரிந்துவிடுகிறது. கல்யாணப் பேச்சை எடுக்கும் உறவினரிடம் சொல்ல அவளுக்கு ஒரு காரணம் கிடைக்கிறது.

பையன்கள் நிலை வேறு. சுவாமி விவேகானந்தர் உதவித்தொகைக்கு 60 சதவீத மதிப்பெண் வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். விண்ணப்பமோ கல்லூரியில் சேர்ந்த பிறகுதான். சேரலாமா என்று தயங்குகிறவனுக்கு, சேர்ந்தால் கிடைக்கலாம் என்று பதில்! 2021ல் வந்த மாணவர் கடன் அட்டையில் 10 லட்சம் ரூபாய் வரை 4 சதவீதத் தனிவட்டி. வட்டி குறைவு, மறுப்பதற்கில்லை. ஆயினும் கடன் கடன்தான். தினக்கூலி வீட்டில் அதற்குத் துணிகிறவர் சிலரே.

முன்கூட்டிய உறுதிக்கு எவ்வளவு பலம் என்பதை அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் சோதித்தே பார்த்தது. நன்றாகப் படிக்கும் ஏழை மாணவர்களுக்கு 2015 முதல் கடிதம் அனுப்பினார்கள்: இடம் கிடைத்தால் நான்கு ஆண்டும் கட்டணம் இல்லை. வழக்கமான முறையில் விண்ணப்பித்திருந்தாலும் பெரும்பாலோருக்கு ஏறக்குறைய இதே சலுகை கிடைத்திருக்கும். இருந்தும் கடிதம் பெற்றவர்கள், பெறாதவர்களைப்போல் இருமடங்குக்கும் அதிக விகிதத்தில் அங்கு சேர்ந்தார்கள்.

தமிழ்நாட்டில் 2022ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய், அந்த மாநிலப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு உரியது. இங்கே வளர்ந்த நம் பெண்களுக்கு அதில் இடமில்லை. கன்யாஸ்ரீ விதிகளோ தாய்மொழியைக் கேட்கவில்லை. மேற்கு வங்கத்தில் வசிப்பதைத்தான் கேட்டன. வங்கிக் கணக்கு மாணவியின் பெயரில் இருக்க வேண்டும். 25,000 ரூபாய்க்கான விண்ணப்பம் 18 முடிந்து 19 நிறைவதற்குள் போய்ச் சேர வேண்டும்.